ஸ்ட்ரூடலில் செய்த இசையை விற்கலாமா? ஸ்ட்ரூடலை என் இணையதளத்தில் சேர்த்தால் என் நிரலையும் வெளியிட வேண்டுமா?

இசையைத் தாராளமாக விற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஸ்ட்ரூடல் என்பது பிரவுசரில் நிரல் எழுதி இசையமைக்கும் மென்பொருள். அதன் உரிமம் ஏஜிபிஎல், அதாவது மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கிறவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்கிற ஜிபிஎல் வகை உரிமம். அது ஸ்ட்ரூடல் என்ற மென்பொருளுக்குத்தான், அதை வைத்து நீங்கள் உருவாக்கும் இசைக்கு இல்லை. ஜிபிஎல் வகை உரிமங்களை எழுதிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே இதைச் சொல்லியிருக்கிறது: நிரலிலிருந்து வெளிவருவதற்கு நிரலின் உரிமம் பொதுவாகப் பொருந்தாது, நிரல் தன்னுடைய ஒரு பகுதியையே அதில் நகலெடுத்து வைத்தால்தான் விஷயம் வேறு. சூப்பர்கொலைடர், டைடல்சைக்கிள்ஸ் என்ற இசை மென்பொருள்கள் இரண்டும் ஜிபிஎல்தான், அவற்றில் இசையமைத்து ஆல்பம் வெளியிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது, அது சாம்பிள்கள், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த ஒலித் துண்டுகள். நீங்கள் "பிடி எஸ்டி" என்று நாலு எழுத்து தட்டுகிறீர்கள், பாஸ் டிரம்மும் ஸ்னேரும் கேட்கின்றன, ஆனால் அந்தச் சத்தம் உங்கள் வரியில் இல்லை, யாரோ எங்கேயோ பதிவு செய்த ஒரு ஆடியோ கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்புக்குத் தனி உரிமம். டைடல் ஆட்கள் எல்லோரும் பயன்படுத்தும் டர்ட்-சாம்பிள்ஸ் தொகுப்பில் அமென்கட்அப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. 1969ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் "அமென், பிரதர்" பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸ் அது. உலகத்திலேயே அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட டிரம்ஸ் துண்டுகளில் ஒன்று, ஆனால் அதை வாசித்த மனிதருக்கு ராயல்டியாக ஒரு காசு கிடைக்கவில்லை. எல்லோரும் எடுத்தார்கள், நாமும் எடுக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் வாசித்துப் பழகுவது சரி, காசுக்கு விற்கும் டிராக்கில் வேண்டாம். சோனிக் பை என்ற இன்னொரு இசை மென்பொருளோடு வரும் சாம்பிள்கள் பெரும்பாலும் ஃப்ரீசவுண்ட் என்ற ஒலிப் பகிர்வுத் தளத்திலிருந்து எடுத்தவை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிற சிசி ஜீரோ உரிமத்தில் இருப்பவை. ஃப்ரீசவுண்டில் நீங்களே தேடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஒலியின் பக்கத்திலும் உரிமத்தைப் பாருங்கள், வணிகப் பயன்பாடு கூடாது என்று போட்டதும் அங்கே கலந்து கிடக்கும்.

அப்புறம் இணையதளம். ஸ்ட்ரூடல் ஓடுவது பிரவுசரில், அதாவது உங்கள் பக்கத்தைத் திறக்கிறவருடைய கணினிக்கு அதன் ஒரு பிரதி போய்ச் சேருகிறது. எனவே அதன் பேக்கேஜை உங்கள் ஜாவாஸ்கிரிப்டோடு சேர்த்துக் கட்டி ஒரே செயலியாகக் கொடுத்தால், அந்த முழுச் செயலியையும் ஏஜிபிஎல்லில் மூல நிரலோடு கொடுக்க வேண்டும் என்பதுதான் நேரான வாசிப்பு. பணம் வாங்கலாம், தடையே இல்லை, ஆனால் நிரலைப் பூட்டி வைக்க முடியாது. ஸ்ட்ரூடல் தளத்தையே ஒரு ஐஃப்ரேமில், அதாவது உங்கள் பக்கத்துக்குள் இன்னொரு தளத்தைத் திறந்து காட்டும் சட்டத்தில், காட்டினால் கதை வேறு, ஏனென்றால் அங்கே மென்பொருளைக் கொடுப்பது அவர்கள்.

இந்த நிபந்தனையைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஸ்ட்ரூடலை எழுதியவர்கள் தங்கள் உழைப்பை மொத்தமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், அதன் மேல் கட்டுகிறவரும் அப்படியே திறந்து வையுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். என் தளத்தில் ஸ்ட்ரூடல் எடிட்டர் இருக்கிறது, அதற்குக் கீழேயே மூல நிரலுக்கான இணைப்பும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு என் தாள வடிவங்களை மாற்றி எழுதி அனுப்பியவர்கள் உண்டு, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலை, நிரலை வெளியிடவே முடியாது என்றால் டோன்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இசை நூலகத்தை எடுங்கள். அது எம்ஐடி உரிமம், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும். ஸ்ட்ரூடல் போலத் தாள வடிவங்களை எழுதும் சுகம் அதில் வராது, எது எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை நீங்களே நிரலில் சொல்ல வேண்டும். ஆனாலும் ஏஜிபிஎல் நிரலை மினிஃபை செய்து, அதாவது படிக்க முடியாதபடி சுருக்கி, உள்ளே ஒளித்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.