மாத்திரைக்கும் கொள்ளுக் குழம்புக்கும் இடைவெளி விடுங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 67 வயது, எடை 55 கிலோ. நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரையை மூன்று வேளை போடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு போட்டால் நன்றாக நடக்கிறார். மதியம் களி, கொள்ளுக் குழம்பு, அவித்த முட்டை சாப்பிட்டதும் ஒரு டம்ளர் பாலில் மாத்திரை தருகிறோம். அதன்பின் சாயங்காலம் வரை கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. பருப்பு, முட்டையை அடியோடு நிறுத்து என்கிறார் ஓர் உறவினர். பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். முப்பது வருடம் தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடித்தவர் என் மாமனார். அதனால் வந்ததா? என் கணவரும் இப்போது அதே வேலைதான் செய்கிறார்.
வாசகி, பாலக்கோடு வட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் என்ன சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பருப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டியதில்லை. அவற்றைக் கொடுக்கும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் போட்டது வேலை செய்கிறது, மதியம் சாப்பிட்டபின் பாலில் கொடுத்தது வேலை செய்யவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு தெளிவாகக் கவனித்து எழுதும் கடிதம் அபூர்வமாகத்தான் வரும். காரணத்தைச் சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் கால் எட்டு வைப்பதும், சட்டைப் பொத்தானைப் போடுவதும், முகத்தில் சிரிப்பு வருவதும் அதன் தயவால்தான். பார்க்கின்சன் நோயில் அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. 1957இல் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன், நம் நாட்டு சர்ப்பகந்தி வேரில் உள்ள ரெசர்பைனை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா செலுத்தியதும் எழுந்து நடமாடின. அந்த ஆய்வுகளுக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் இதை வாய்வழி மருந்தாக அதிக அளவில் கொடுத்து, முடங்கிக் கிடந்த நோயாளிகளை நடக்க வைத்தார். உங்கள் மாமனார் போடும் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆனால் லெவோடோபா ஓர் அமினோ அமிலம். கொள்ளு, முட்டை, பால், கறி எது சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதம் செரித்து அமினோ அமிலங்களாகத்தான் பிரிகிறது. சிறுகுடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக லெவோடோபாவும் அந்த அமிலங்களில் பலவும் ஒரே கடத்திகளைத்தான், அதாவது ஏற்றிச் செல்லும் வண்டிகளைத்தான், நம்பியிருக்கின்றன. முகூர்த்த நாளில் தருமபுரி பஸ் நிலையத்தில் ஒரே படிக்கட்டில் ஐம்பது பேர் முண்டியடித்தால் வயதானவர் கீழேயே நின்றுவிடுவார் அல்லவா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரைக்கும் அதே கதிதான்.

ஆகவே மாத்திரையைத் தண்ணீரில் கொடுங்கள். மாத்திரை சூடு, பால்தான் தணிக்கும் என்ற எண்ணத்தை இந்த மருந்துக்கு விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டால் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழியட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் அரை வாழைப்பழமோ, மோர் கலக்காத கூழ் அரை டம்ளரோ கொடுங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை ஏதும் போடுகிறாரா என்று பாருங்கள். அது லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

இதிலேயே பலருக்கு மதியம் மீண்டுவிடும். போதவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, புரதத்தின் பெரும்பகுதியை இரவுக்குத் தள்ளிப் பாருங்கள். பகலில் களி, சாமைச் சோறு, கீரைக் கடைசல், ரசம், காய் போதும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் புரதம் 7 கிராம் அளவுதான், கொள்ளில் 22 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. கொள்ளு, முட்டை, பால் மூன்றையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வையுங்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குக் குறையாமல் புரதம் போக வேண்டும். உறவினர் சொன்னபடி அடியோடு நிறுத்தினால் எடையும் தசையும் கரையும். இந்த நோயில் எடை தானாகவே குறைவது உண்டு, நாமும் சேர்ந்து குறைக்கக் கூடாது. இரவில் புரண்டு படுக்கவே கஷ்டப்படுகிறார் என்றால் இந்த முறை அவருக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அப்போது மூன்று வேளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

களியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். பார்க்கின்சன் முற்ற முற்றத் தொண்டைத் தசைகளும் மெதுவாகிவிடும், உருண்டை புரையேறும் அபாயம் உண்டு. அதனால் அவருக்கு மட்டும் களியைத் தளர்வாகக் கிண்டுங்கள், உருண்டை கோலிக்குண்டு அளவுதான் இருக்க வேண்டும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், நேராக உட்காரவைத்து, அவசரப்படுத்தாமல் கொடுங்கள். சாப்பிடும்போது இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் கரகரத்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். களியை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அவருக்குப் பிடித்த சாப்பாடு அது, நார்ச்சத்தும் அதில் இருக்கிறது.

நார்ச்சத்து முக்கியம். இந்த நோயில் மலச்சிக்கல், நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடுவதுண்டு. வயிறும் குடலும் மந்தமானால் மாத்திரையும் அங்கேயே தேங்கும். கீரை, கொய்யா, தண்ணீர் மூன்றும் தினமும் வேண்டும்.

குமட்டல் என்று கடையில் சொல்லி வாந்தி மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அதில் கவனம். மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் போய் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளூனரிசின் இரண்டுமே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டக்கூடியவை. எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் "பார்க்கின்சன் இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.

பூனைக்காலி விஷயத்துக்கு வருகிறேன். சொன்னவர் பொய் சொல்லவில்லை. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். கார்ல்சனுக்கு இருபது வருடம் முந்தைய வேலை அது. நம் மண்ணில் நடந்த இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் விதைக்கு விதை, நிலத்துக்கு நிலம் லெவோடோபாவின் அளவு மாறும். மாத்திரையில் உள்ள கார்பிடோபா, மருந்து மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் வீணாகாமல் காக்கிறது. பொடியில் அந்தக் காவல் இல்லை, ஆகவே வாந்தியும் ரத்த அழுத்தம் இறங்குவதும் கூடும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு மீறிக் கைகால் தானாக நெளியும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன், ஃபுளோரைடு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரையே பல ஊர்களில் ஆயுசெல்லாம் குடித்திருக்கிறார்கள். அது எலும்பில் படிந்தால் முதுகும் மூட்டும் இறுகும், சிலருக்குத் தண்டுவடமே நசுங்கிக் கால் பலவீனமாகும். பல்லில் பழுப்புக் கறையும், கழுத்து திருப்ப முடியாத இறுக்கமும் அவருக்கு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லா விறைப்பையும் பார்க்கின்சன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அந்த இறுக்கம் மாத்திரைக்குக் கேட்காது.

ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு நடந்தார், எப்போது கட்டிலானார் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். லெவோடோபாவை நெடுநாள் போடுபவர்களுக்கு அது குறைவதுண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார், கிராமச் செவிலியரிடம் கேட்டுப் பெயர் பதியுங்கள்.

மருந்தடித்ததால் வந்ததா என்றால், ஒரு மனிதரைக் காட்டி இவருக்கு இதனால்தான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகள் போல விறைத்துப்போனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள், நரம்பணுவுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிவிட்டது. ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. பாராகுவாட் களைக்கொல்லியையும் இந்த நோயோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.

உங்கள் கணவருக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. பாராகுவாட்டை மட்டும் அவர் தொடவே வேண்டாம். மற்ற மருந்து அடிக்கும் நாளில் முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் குளிக்கட்டும். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். மருந்து வந்த காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைத்திருந்தால், இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.