பலன் என்றால் கூலியா?

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடமாகிறது. குழந்தை இல்லை. போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரி, "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்" என்ற வசனத்தை வாசித்துவிட்டு, "பலன் வரவில்லையென்றால் எங்கே தப்பு என்று யோசித்துப் பார்" என்றார். அந்த வசனத்துக்கு அதுதான் அர்த்தமா? அதே சங்கீதத்தில் பிள்ளைகளை அம்புகளாகச் சொல்லி, அம்பறாத்தூணியை நிரப்புவது என்று வருகிறதே, அது எத்தனை பிள்ளைகள்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

எத்தனை என்ற கேள்வியை விடுங்கள். சங்கீதத்தில் எண்ணிக்கையே கிடையாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். அந்த அம்மா மூன்றாம் வசனத்தில் ஆரம்பித்தால் நீங்களும் அங்கேயே நின்றுவிடுவதா? 127ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து வாசியுங்கள். கர்த்தர் கட்டாவிட்டால் வீடு கட்டுகிறவர்களின் பாடு விருதா, அதாவது வீண்; காவலாளி விழித்திருப்பது விருதா, அதிகாலையில் எழுந்து உழைப்பதும் விருதா. இரண்டே வசனத்தில் மூன்று விருதா! பாடுபட்டு வாங்க முடியாதவற்றைப் பற்றிய பாட்டு இது. அது அடுத்த வரியிலேயே, ஒழுங்காக இருந்தால் பிள்ளை கூலியாகக் கிடைக்கும் என்று சொல்லுமா?

சுதந்தரத்தைப் பலர் சுதந்திரம் என்றே வாசிக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் அது தகப்பன்வழிச் சொத்து, எபிரெயத்தில் நஹலா. ஆகாப் ராஜா கேட்டும் நாபோத் கொடுக்க மறுத்த திராட்சத்தோட்டமும் நஹலாதான். அவன் சம்பாதித்ததில்லை, அவனுக்கு வந்து சேர்ந்தது. பலன் என்பது சாகார். அதற்குக் கூலி என்ற பொருளும் உண்டு, மறைக்கவில்லை. யாக்கோபு லாபானிடம் பேசிய சம்பளமும் சாகார்தான். ஆனால் எபிரெயப் பாட்டில் இரண்டாம் அடி முதலடியின் கையைப் பிடித்துக்கொண்டே வரும். சுதந்தரத்தோடு வருகிற பலன் கொடையாகத்தான் இருக்க முடியும். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதைப் 'பரிசில்' என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல சொல்!

அடுத்த கூட்டத்தில் நீங்களே லூக்கா முதல் அதிகாரத்தை வாசியுங்கள். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்கள் என்று ஆறாம் வசனத்தில் எழுதிவிட்டுத்தான், பிள்ளையில்லை என்பதை ஏழில் எழுதுகிறார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழாதீர்கள்.

என் சித்திக்குப் பிள்ளையில்லை. எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் சபையில் இந்த வசனத்தைத்தான் வாசிப்பார்கள். எல்லோரும் பக்கம் புரட்டுவார்கள். சித்தி மட்டும் வேதாகமத்தைத் திறக்காமல், அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். சின்னப்பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்த விரலையே பார்த்திருக்கிறேன். கறுப்பு அட்டை அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

அவள் போன பிறகு அந்த வேதாகமம் என்னிடம் வந்தது. சங்கீதத்தில் ஒரு கோடும் இல்லை. ஆதியாகமம் 15இல்தான் பென்சில் கோடு இருந்தது. பிள்ளையில்லாத ஆபிராமிடம் கர்த்தர் சொல்வது: "நான் உனக்குக் கேடகமும், உனக்கு மகா பெரிய பலனுமாயிருக்கிறேன்." இங்கேயும் அதே சாகார். சித்திக்கு எபிரெயம் தெரியாது. அதற்கு அடுத்த வசனத்தில், "அடியேனுக்கு என்ன தருவீர்? நான் பிள்ளையில்லாமல் இருக்கிறேனே" என்று ஆபிராம் கேட்கிறான். அதன் கீழே இரண்டு கோடு, அழுத்தி, தாள் கிழிகிற அளவுக்கு.

அந்தக் கேள்விக்காகக் கர்த்தர் ஆபிராமைக் கடிந்துகொள்ளவில்லை.