மாநிறக்காரர்களான நமக்குக் கயாக், சர்ஃபிங் போகும்போது சன்ஸ்கிரீனும் தோல் புற்றுநோய்ப் பரிசோதனையும் தேவையா?

கேட்டவர் ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர். வார இறுதிகளில் கயாக் என்கிற துடுப்புப் படகு ஓட்டப் பழகுகிறார். "நம்ம தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் சொல்கிறார்களாம், கிளப்பிலோ ஆளாளுக்குச் சன்ஸ்கிரீன் டியூபை நீட்டுகிறார்களாம். யார் சொல்வது சரி என்கிறார்.

இரண்டு பக்கமும் பாதிதான் சரி. நான் பிரிஸ்பேனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், அதில் ஆறு வருடம் மோர்ட்டன் விரிகுடாவில் கயாக் ஓட்டியிருக்கிறேன். மருத்துவன் இல்லை. கால் நகத்தில் ஒரு கறுப்பைப் பார்த்து மூன்று வாரம் தூக்கம் கெட்டவன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

கிளப் ஆட்களின் பதற்றம் நியாயமானது. எங்கள் குழுவில் அறுபது தாண்டிய வெள்ளைக்காரர்கள் ஐந்தாறு பேர். ஒருவருக்குக் காது மடலின் மேல்விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பிறை, வெட்டி எடுத்த இடம். இன்னொருவருக்கு மூக்கில் ஒட்டுத்தோல். "அடுத்த சனிக்கிழமை வர மாட்டேன், முதுகில் ஒன்றை எடுக்கிறார்கள்" என்று வண்டியைச் சர்வீஸுக்கு விடுவதுபோல் சொல்வார்கள். இந்த நாட்டில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. அந்தப் பயத்தில்தான் டியூபை நீட்டுகிறார்கள்.

நம் கணக்கு வேறு. தோலுக்கு நிறம் தருகிற மெலனின் நமக்கு ஒரு நிழற்குடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஓட்டைக்குடை. மிகக் கருத்த தோலுக்கே அது ஏறக்குறைய எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டியூபில் போட்டிருக்கும் காப்பு எண்) 13 அளவுக் காப்புதான் தருகிறது என்று 1970களில் வந்த ஓர் ஆய்வு உண்டு. நம் மாநிறத்துக்கு இன்னும் குறைவு. முதல் கோடையில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இரவில் போர்வை உரசினால்கூடக் கத்தினேன். எரிந்தது முகமோ கையோ இல்லை, நாம் நினைத்தே பார்க்காத புறங்கால்! உட்கார்ந்த நிலையில் அது நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு தெரியவில்லை, கருஞ்சிவப்பாக ஒரு மினுமினுப்பு, தொட்டால் சூடு. நாலு நாள் கழித்து வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது.

ஆக, நமக்கும் வெயில் சுடும். ஆனால் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு: வெயில் காப்பு வேறு, தோல் பரிசோதனை வேறு. வெள்ளைக்காரர்களுக்கு இரண்டும் ஒரே கதை. நமக்கு அப்படியில்லை. மாநிறத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் வரும் மெலனோமா என்கிற ஆபத்தான தோல் புற்றுநோயில் பெரும்பங்கு உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருகிறது. வெயிலே படாத இடங்கள்! சன்ஸ்கிரீன் அதைத் தடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அரிதாகத்தான் வருகிறது, ஆனால் வந்தால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறோம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பாப் மார்லி 36 வயதில், 1981ல் இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

முதலில் வெயிலை முடித்துவிடுகிறேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அமைதியான நீர் 10 சதவீதத்துக்கும் குறைவான புறஊதாவைத்தான் திருப்புகிறது. கடல் நுரைதான் 25 சதவீதம். அதனால் சர்ஃபிங் ஆட்களுக்கு இது கூடுதல் தொல்லை. அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கும், மூழ்கினால் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஆனால் உண்மையில் நம்மை ஏமாற்றுவது காற்று. நிழல் கிடையாது, தலைக்கு மேல் முழு வானம், காற்றும் ஈரமும் சேர்ந்து குளுகுளுவென்று இருக்கும், சுடுவதே தெரியாது. சூட்டுக்கும் யூவிக்கும், அதாவது புறஊதாக் கதிருக்கும், சம்பந்தமில்லை. பிரிஸ்பேனில் ஜூலை மாதக் குளிரிலும் நண்பகலில் யூவி எண் 3ஐத் தொட்டுவிடும். 3 அல்லது அதற்கு மேல் என்றால் காப்பு வேண்டும் என்பது இங்குள்ள பொது விதி.

கருத்த தோல்காரர்கள் அன்றாடம் சன்ஸ்கிரீன் போட வேண்டியதில்லை, வைட்டமின் டி குறைவுதான் அவர்களுக்குப் பெரிய கவலை என்று இங்கே அண்மையில் வழிகாட்டுதலைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் சொன்னதற்கு இது சாதகம். ஆனால் அதிலேயே, நீண்ட நேரம் வெளியில் இருந்தால் போடுங்கள் என்றும் இருக்கிறது. கயாக்கில் கால் வைத்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும் இல்லையா?

என் வழி, முதலில் துணி. முழுக்கை ராஷ் வெஸ்ட் (நீரில் போடும் இறுக்கமான சட்டை), யூபிஎஃப் 50+ என்று துணியின் வெயில் காப்பு எண் போட்டிருப்பது. கழுத்தை மறைக்கிற தொப்பி, தாடைக்குக் கயிறு கட்டியது. (கட்டாத இரண்டு தொப்பிகள் விரிகுடாவின் அடியில் கிடக்கின்றன.) இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கட்டுமரத்தில் போகிறவர்கள் பழைய முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகத்தான் போவார்கள். நாம்தான் படித்துவிட்டு அரைக்கைப் பனியனோடு போகிறோம்.

துணி மூடாத இடத்துக்குச் சன்ஸ்கிரீன். முழு உடம்புக்கு 35 மில்லி, அதாவது ஏழு தேக்கரண்டி. சொன்ன அளவில் போட்டால் 110 மில்லி டியூப் மூன்று தடவைக்கு வரும். நான் ஒரு டியூபை ஒரு வருடம் வைத்திருந்தேன்! புறப்படும் முன் 20 நிமிடம் இருக்கும்போது பூசுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். 'நாலு மணி நேரம் நீரில் தாங்கும்' என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். பூசியதும் உள்ளங்கையைத் துண்டில் நன்றாகத் துடையுங்கள், இல்லையென்றால் துடுப்பு வழுக்கும். ஜிங்க் வகை போட்டால் நாம் நெற்றி முழுக்க விபூதி பூசியது போல் தெரிவோம். எனக்குக் கவலையில்லை, உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் தோல் நிறம் கலந்தது கிடைக்கிறது. மங்கு வருகிறவர்களுக்கு அதுதான் நல்லதும்கூட. கீழுதட்டையும் கண்ணையும் மறக்க வேண்டாம். வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் சதை படர்வதற்குச் 'சர்ஃபர் கண்' என்றே பெயர். தோல் நிறம் அதற்குக் காப்பு இல்லை, கறுப்புக் கண்ணாடிதான் காப்பு.

இனி பரிசோதனை. போன வருடம் என் வலது பெருவிரல் நகத்தடியில் உளுந்து அளவில் ஒரு கறுப்பு. எப்போது வந்தது என்று தெரியவில்லை. இணையத்தில் தேடினேன், தேடியிருக்கக் கூடாது. தோல் புற்றுநோய் கிளினிக் ஒன்றில் நேரம் வாங்கிப் போனேன். இங்கே அதற்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. உள்ளாடையோடு நிற்க வைத்து முதுகு, தோள், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார் டாக்டர். பத்து நிமிடத்தில் "எல்லாம் சுத்தம், உங்கள் தோலுக்குக் கவலையே வேண்டாம்" என்று கை கழுவப் போய்விட்டார். நான் இன்னும் காலுறையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"டாக்டர், நான் வந்ததே காலைக் காட்டத்தான்" என்றேன்.

அவர் சங்கடப்பட்டார், பிறகு பொறுமையாகவே பார்த்தார். டெர்மட்டோஸ்கோப் என்கிற விளக்குவைத்த உருப்பெருக்கியை நகத்தின் மேல் வைத்துவிட்டு, "கயாக்கில் எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா?" என்றார். கால் ஊன்றும் மிதியில் விரல் முட்டுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரத்தக்கட்டு. நகம் வளர வளர அது நுனியை நோக்கி நகர வேண்டும், அடியில் தெளிவான நகம் முளைக்க வேண்டும், அப்படி நகராவிட்டால் வாருங்கள் என்றார். நகத்தில் நெடுக்காகப் பழுப்புக் கோடு இருப்பது நம் நிறத்தவருக்குச் சகஜம். பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே விரலில் புதிதாக வந்து, அகலமாகி, நகக்கண் தோலிலும் கறுப்பு ஏறினால் உடனே போக வேண்டும்.

ஆகவே காலுறையை நீங்களே முதலில் கழற்றிவிடுங்கள். நகப்பூச்சு போட்டுக்கொண்டு போகாதீர்கள். பெண்கள் மெட்டியைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. கல்யாண வீட்டு மருதாணி கையிலும் காலிலும் இருந்தால் அது போகும்வரை தள்ளிப்போடலாம், அடியில் இருப்பது ஒன்றும் தெரியாது. கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

வீட்டில் நானும் மனைவியும் சில மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் பாதத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், விரலிடுக்கு உட்பட. சிரிப்பாகத்தான் இருக்கும். மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் தனியாகத் தெரிவது, வடிவமோ நிறமோ மாறுவது, ஒரு மாதமாகியும் ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகக் கிளம்பும் கட்டி, இவற்றை விடக் கூடாது. நம் தோலில் சாதாரண வகைப் புற்றுநோய்கூடக் கறுப்பாக, மரு மாதிரியோ மச்சம் மாதிரியோ வரலாம். "அதிர்ஷ்ட மச்சம்" என்று அத்தை சொன்னாலும் காட்டிவிடுங்கள். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்பதை உங்கள் டாக்டரே சொல்லட்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, சந்தேகமான மச்சமும் இல்லை என்றால் வருடாவருடம் ஓட வேண்டிய அவசியம் இருக்காது என்பது என் எண்ணம்.

என் நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் போனில் படம் எடுத்து வந்தேன். கறுப்பு மெல்ல மெல்ல மேலே ஏறியது. எட்டு மாதம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை நகவெட்டியால் கடைசித் துணுக்கையும் வெட்டிக் குப்பையில் போட்டேன்.