வாசகர் கேள்வி-பதில்: விடைபெறும் பயிற்சியாளரும் தடுமாறும் அணியும்

கேள்வி: எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சியளித்துவரும் உடற்கல்வி இயக்குநர், இந்தக் கல்வியாண்டோடு பணி ஓய்வு பெறப்போவதாக ஜூலையிலேயே சொல்லிவிட்டார். அவருக்காகவே இம்முறை கோப்பையை வெல்ல வேண்டும் என்று உறுதியெடுத்தோம். ஆனால், ஐப்பசி மழைக்குப் பின் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் கடைசிப் பத்து நிமிடங்களில் கோல் வாங்கித் தோற்றோம். அவர் முன்கூட்டியே அறிவித்ததுதான் காரணமா?
- அணித்தலைவர், மன்னார்குடி

பதில்: முன்னறிவிப்பு அணியைக் குலைப்பது உண்டு. தொடர்ந்து மூன்று முறை லீக் பட்டம் வென்றிருந்த இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், 2001-02 பருவத்தோடு விலகுவதாக முன்பே அறிவித்திருந்தார். அந்தப் பருவத்தில் டிசம்பர் 8-ஆம் தேதிக்குள் அணி ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. பிப்ரவரியில் அவர் முடிவை மாற்றிக்கொண்டும் மூன்றாம் இடமே கிடைத்தது. அப்படி அறிவித்தது தவறு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2013-இல் பட்டம் கைக்கு வந்த பிறகே, மே 8 அன்று, ஓய்வை வெளியிட்டார்.

ஆனால், அதே 2013-இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியில் நடந்தது வேறு. பயிற்சியாளர் யூப் ஹெய்ன்கெஸ் இடத்துக்கு பெப் கார்டியோலா வருவார் என்பது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த அணி லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. அடுத்து வருபவர் யார் என்ற குழப்பம் வீரர்களுக்கு இல்லாதது பெரிதும் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. கல்லூரிகளிலோ அந்தப் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பதும் உண்டு.

எனினும், உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தது "கடைசிப் பத்து நிமிடங்கள்" என்பதைத்தான். மனம் தளர்ந்த அணி முதல் பாதியிலும் கோல் வாங்கும். கடைசியில் மட்டும் வாங்குவது பெரும்பாலும் கால்கள் ஓய்ந்துபோவதால். டெல்டாவின் களிமண் மைதானத்தில் நீர் எளிதில் வடியாது. பூட்ஸில் அப்பும் சேறு ஒவ்வோர் ஓட்டத்தையும் இருமடங்கு உழைப்பாக்கும். மழையால் பயிற்சி நின்றிருந்தால், இழந்தது முதலில் தம்தான். மைதானம் காயட்டும் என்று காத்திராமல், மாடிப்படிகளிலும் தார்ச்சாலையிலும் ஓட்டப்பயிற்சியைத் தொடருங்கள். அறுபதாவது நிமிடத்துக்குப் பின் நடுக்களத்தில் புதிய கால்களை இறக்குமாறு சாரிடம் கேளுங்கள். "சாருக்காக" என்ற பேச்சை ஆட்டம் முடியும்வரை ஒதுக்கிவையுங்கள். அது பதினெட்டு வயதுப் பையன் மீது தேவையற்ற சுமை.

கேள்வி: முன்னாள் வீரர்களான நாங்கள் ஓய்வு பெறப்போகும் அந்தப் பயிற்சியாளருக்குப் பிரிவுபசார ஆட்டம் ஒன்றை அரையிறுதிக்கு முன்பே நடத்தலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். பருவம் முடிந்தபின் நடத்துங்கள். அதுவரை வேறொரு வேலை இருக்கிறது. எந்தப் பள்ளியில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று அவருக்குச் சொல்லிவந்த உடற்கல்வி ஆசிரியர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் இருப்பார்கள். அவர் ஓய்வு பெற்றால் அந்தத் தொடர்பும் அறுந்துவிடும். உங்களில் இருவர் அவருடன் சென்று அவர்களை நேரில் அறிமுகம் செய்துகொண்டு, பெயர்களையும் எண்களையும் குறித்துவைத்து, புதியவர் பொறுப்பேற்கும் நாளில் அவரிடம் ஒப்படையுங்கள்.