வாரச்சந்தைப் படத்தைக் கெடாவுக்கு அனுப்ப உரிமக் கட்டணம் எதற்கு?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் அருகே, அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அறிமுகமானார். எங்கள் பிள்ளைகள் வாரச்சந்தையையும் அவர்களுடைய பிள்ளைகள் இரவுச்சந்தையையும், தொட்ட இடத்தில் விவரம் விரியும் படங்களாகச் செய்து பரிமாறிக்கொள்ள விரும்புகிறோம். ஒரு நிறுவன முகவர், மாணவர் ஒவ்வொருவருக்கும் கணக்கும் உரிமமும் கட்டாயம் என்றும், இல்லாவிட்டால் சட்டச் சிக்கல் வரும் என்றும் கூறித் தலைக்கு 450 ரூபாய் கேட்கிறார். பிள்ளைகளின் படம் வெளிநாடு போவதை எண்ணித் தலைமையாசிரியர் தயங்குகிறார். என்ன செய்வது?

பதில்: பணம் கட்ட வேண்டாம். உரிமமும் தேவையில்லை. மாணவர் பெயரில் எந்தக் கணக்கும் தொடங்கவே கூடாது என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த முகவர் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் விவரங்களைக் கையாள்வதற்கு முன் பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. ஆகவே கணக்குத் தொடங்காமல் இருப்பதால் சிக்கல் வராது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு யாரோ ஒருவரிடம் கொடுப்பதால்தான் வரும். அந்தப் பட்டியல் அவருக்கு 450 ரூபாயைவிடப் பெறுமதியானது என்பது என் கருத்து. இத்தகைய முகவர்கள் சான்றிதழும் பரிசுக் கோப்பையும் தருவதாகச் சொல்வார்கள், ஆனால் பிள்ளைகள் செய்த வேலை அவர்களுடைய கணக்கில்தான் இருக்கும். அடுத்த ஆண்டு சந்தா கட்டாவிட்டால் அது உங்கள் கைக்கு வராது. கையெழுத்திடும் முன் மூலக் கோப்புகளை எங்களிடம் ஒப்படைப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் தராதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

வேலையை உங்கள் பள்ளிக் கணினியிலேயே முடிக்கலாம். பவர்பாயிண்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் போதும். முதல் பக்கம் முழுவதும் சந்தைப் படத்தை வையுங்கள். தராசு, கூறு கட்டி வைத்த தக்காளி, ஆட்டுக் கயிறு என்று ஒவ்வொன்றின் மீதும் சிறு வட்டம் வரைந்து, அந்த வட்டத்தைத் தொட்டால் இன்ன பக்கத்துக்குப் போக வேண்டும் என்று இணைப்புக் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் எழுதியதும், எடுத்த படமும், பதிந்த ஒலியும், முதல் பக்கத்துக்குத் திரும்ப ஒரு பொத்தானும் இருக்கட்டும். இதற்கு இணையம்கூட வேண்டாம். பின்லாந்தில் தோன்றிய திங்லிங்க் என்னும் இணையச் சேவை, நார்வேயில் உருவான எச்5பி என்னும் மென்பொருள் ஆகியவை இதையே இன்னும் நயமாகச் செய்யும். எச்5பி திறந்த மூல மென்பொருள் என்பதால், லூமி என்னும் இலவசச் செயலியில் செய்து, எந்த உலாவியிலும் திறக்கும் ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். இணையச் சேவை எதைப் பயன்படுத்தினாலும் உங்கள் பெயரில் ஒரே கணக்கு, பள்ளிக் கணினியில் ஒரு பிரதி என்பதை மாற்றாதீர்கள். இலவசச் சலுகைகளின் எல்லை அடிக்கடி மாறுகிறது.

தலைமையாசிரியரின் தயக்கம் நியாயமானது. பள்ளியில் எது நடந்தாலும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பதாகை பிடிக்க வைத்து, படமெடுத்து உடனே பதிவேற்றுங்கள் என்று நெருக்கும் நிர்வாகம், அந்தப் படங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பயிற்சி முகாம்களில் செயலியின் பெயரைச் சொல்லித் தருகிறார்கள், ஒப்புதல் படிவம் எழுதச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் எளிய விதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் படத்தில் வேண்டாம். கைகள், வரைந்த ஓவியம், எழுதிய எழுத்து போதும். குரல் பதிவதானால், எங்கே போகிறது, எதற்காக என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிச் செயலரின் அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி அனுமதி, கேள்வி வரும் நாளில் உங்களைக் காப்பாற்றாது.

சந்தைக்காரர்கள் விஷயத்திலும், அடையாளம் தெரியும் முகம் வேண்டாம் என்பதே பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல திட்டங்கள் இங்கேதான் உயிரை இழக்கின்றன. கயிறு திரித்து விற்கும் பெரியவர் ஒருவர், "என் பேரைப் போடுங்க, என் தொழிலை நாலு பேர் பார்க்கட்டும்" என்று தாமாகவே கேட்டால், எச்சரிக்கை என்ற பெயரில் அவருடைய முகத்தை மங்கலாக்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. வயது வந்த ஒருவர் தம் திறமைக்குத் தம் பெயர் வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. அப்போது செய்ய வேண்டியது இது: பதிவின் தொடக்கத்திலேயே, இது மலேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்று சொல்லி, அவர் சம்மதம் சொல்வதையும் சேர்த்துப் பதியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைவிட இது தெளிவானது. முடித்த படத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்த வட்டத்தை நீக்கிவிடுங்கள். அவருடைய கைபேசி எண்ணை மட்டும், அவரே கேட்டாலும், போட வேண்டாம். அவருடன் வந்திருக்கும் பேரன் படத்தில் விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

இனி, எதைக் காட்டுவது என்பது. ஆட்டின் பல்லைப் பார்த்து வயது கணிப்பதும், பல் போடாத குட்டி, இரண்டு பல், நாலு பல் என்று விலை மாறுவதும் சுங்கைப் பட்டாணிப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியாக இருக்கும். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உங்கள் பக்கம் இன்னும் இருந்தால், இரண்டு மாணவர்களின் கைகளை வைத்தே அதை நடித்துக் காட்டிப் படமெடுக்கலாம். அங்கிருந்து அப்பம் பாலிக் என்னும் மடிப்பு அப்பம் சுடும் தட்டும், தமிழும் மலாயும் சீனமும் கலந்து பேரம் பேசும் குரல்களும் வரும். இரு பக்கமும் மூன்று வட்டங்களைக் காலியாக விடச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கப் பிள்ளைகள் அவற்றில் தங்கள் கேள்விகளை இட, உங்கள் பிள்ளைகள் மறு வாரம் சந்தைக்குப் போய் விசாரித்துப் பதில் நிரப்பட்டும். இது நடக்காவிட்டால் இரண்டு வகுப்புகளும் தனித்தனியாகக் கண்காட்சி வைத்ததாகவே ஆகும். பின்னணியில் திரைப்பாடல் சேர்க்காதீர்கள், பதிப்புரிமை உள்ளது. சந்தையின் ஓசையே போதும்.

நேரலைச் சந்திப்பை நம்பித் திட்டமிட வேண்டாம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே செல்கிறது. அங்கே காலையில் தொடங்கும் பள்ளி நண்பகலை ஒட்டி முடிகிறது. நமக்கு மணி 9.30 ஆகும்போது அவர்களுக்கு 12 ஆகிவிடும். அதற்கு மேல், கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். படங்களை அனுப்பி, நிதானமாகப் பதில் பெறுவதே நடக்கக்கூடியது.

அனுப்பும்போது இரண்டு பொறிகள் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் தரம் நிற்கும், ஆனால் கேமரா பதிந்த இடக்குறிப்பும் கூடவே போகும். ஆகவே படமெடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள். மற்றொன்று எழுத்துரு. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்று ஆணையிட்டும், நம் அலுவலகச் சுற்றறிக்கைகள் இன்னும் வானவில் என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி வருகின்றன, அதைப் பார்த்து ஆசிரியர்களும் அதிலேயே எழுதிப் பழகிவிட்டார்கள். வானவில்லில் எழுதிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத்தான் தெரியும். வட்டங்களுக்குள் எழுதுவது அனைத்தும் ஒருங்குறியில் இருக்கட்டும். கோப்பை அனுப்பும் முன், தமிழ் எழுத்துரு எதுவும் தனியாக நிறுவாத ஒரு கணினியில் திறந்து, ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு மாணவரை விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.