கொழும்பின் வாகன நெரிசலைக் குறைக்க எதை முதலில் மாற்ற வேண்டும்?

மேம்பாலம், பஸ் ஒழுங்கை, இலகு ரயில், ஒருவழிப் பாதை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தினமும் பயணம் செய்பவர்கள் எதை முதலில் கேட்பீர்கள் என்பது உங்கள் கேள்வி. என் பதில்: பஸ் சாரதிக்கும் நடத்துனருக்கும் கூலி கிடைக்கும் முறையை மாற்றுங்கள். மற்றவையும் வேண்டியவைதான், ஆனால் இது மாறாமல் அவற்றில் பாதி வீணாகிவிடும்.

நான் வெள்ளவத்தையில் குடியிருந்து புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவள். பத்தொன்பது வருடமாகக் காலி வீதிதான் என் வழி. காலை ஏழேகாலுக்குச் சந்தையடித் தரிப்பிடத்தில் நின்று பாருங்கள். பஸ் வருகிறது. இருக்கைகள் நிரம்பி, நடுவிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் பஸ் புறப்படாது. நடத்துனர் ஒரு காலை மிதிபலகையிலும் மறு காலை வீதியிலும் வைத்துக்கொண்டு, "கொட்டுவ, பிட்டகொட்டுவ" (கோட்டை, புறக்கோட்டை) என்று சிங்களத்தில் கூவியபடி தெஹிவளைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் அடுத்த பஸ்ஸின் முகப்புத் தெரிந்ததும் தகரத்தில் இரண்டு தட்டு. அதுவரை அசையாத பஸ் பாய்ந்து கிளம்பும். போன மாதம் அப்படிக் கிளம்பியபோது ஓர் அம்மாவின் ஒரு கால் மிதிபலகையில், மற்றது தரையில். உள்ளே நின்ற இரண்டு பையன்கள் அவரைத் தோளில் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். கூடையிலிருந்த கத்தரிக்காய்கள் வீதியில் உருண்டன. பஸ் நிற்கவில்லை.

அப்படிக் காத்து நிற்கும் ஐந்து நிமிடமும் பஸ் ஓரமாக நிற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அடுத்த பஸ் முந்திவிடக் கூடாது என்று வாலை நடு ஒழுங்கையில் விட்டுச் சாய்வாக நிற்கும். பின்னால் வரும் அத்தனை வாகனமும் ஒற்றை வரிசையில் நெளிந்து போக வேண்டும். காலி வீதியில் நெரிசல் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வீதியை இன்னும் பத்தடி அகலமாக்கினால் பஸ் இன்னும் பத்தடி சாய்ந்து நிற்கும்.

எங்கள் தெருவில் தனியார் பஸ் ஓட்டும் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "அக்கா, முதலாளிக்கு அன்றன்றைக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். டீசல், பஸ் நேரம் குறிக்கும் டைம்கீப்பருக்குக் காசு, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதுதான் எனக்கும் நடத்துனருக்கும். மழை நாளில் சனம் குறைந்தால் வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வருவேன். தரிப்பிடத்தில் நின்று நிரப்பாமல் எப்படிப் போவது?" என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் பின்னால் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

1958இல் பஸ்கள் அரசுடைமையாகின. 1979இல் தனியாருக்கு மறுபடி வழி திறந்தது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் சிறு முதலாளிகள். ஒரே வழித்தட இலக்கத்தில் ஓடும் பஸ்கள் ஒன்றுக்கொன்று எதிரிகளாகிவிட்டன. பயணி ஒருவர் கூடக் கிடைப்பதென்றால் அவரை மற்ற பஸ்ஸிடமிருந்து பறிக்க வேண்டும். ஒரு வழித்தடத்தின் வருமானம் முழுவதையும் பொதுவில் சேர்த்து, ஓடிய தூரத்துக்கும் நேரந்தவறாமைக்கும் பஸ்காரருக்குப் பணம் கொடுத்து, சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் போட்டால் இந்தப் பறிப்புக்கு வேலையே இல்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களும் தனியார் பஸ்களும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. நல்ல நேரங்கள் தனியாருக்குப் போய்விடும் என்ற அவர்களின் அச்சம் பொய்யல்ல. ஆனால் வருமானம் பொதுவில் சேர்ந்தால் நல்ல நேரம், கெட்ட நேரம் என்ற பேதமே குறைந்துவிடும். அட்டவணையை மட்டும் கொண்டுவந்து காசுக் கணக்கைத் தொடாமல் விடுவதால்தான் சண்டை வருகிறது.

பஸ் ஒழுங்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2020 செப்டெம்பரில் காலி வீதி, ஹைலெவல் வீதி, பேஸ்லைன் வீதி, ஸ்ரீ ஜயவர்தனபுர மாவத்தை ஆகியவற்றில் பொலிஸார் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். முதல் நாட்களில் மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் அதே ஒழுங்கைக்குள் தள்ளினார்கள். நிரப்புவதற்காக நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ், அதன் இரு பக்கமும் முச்சக்கர வண்டிகள். விரைவாகப் போவதற்கென்று ஒதுக்கிய ஒழுங்கை காத்து நிற்கும் வரிசையாகிவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி "பார்த்தீர்களா, பஸ் ஒழுங்கை சரிவராது" என்று இன்றும் சொல்கிறார்கள். சரிவராதது ஒழுங்கை அல்ல, அதற்குள் நாம் விட்டவை.

வெள்ளவத்தைக் கடைக்காரர்களின் எதிர்ப்பு வேறு வகை. வாசலில் கார் நிறுத்த முடியாவிட்டால் சேலை வாங்க யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் பிழைப்பைப் பற்றிய கேள்வி அது, தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை அந்த வாசல்களைப் பாருங்கள். நிறுத்தியிருக்கும் காரில் வந்தவர் ஒருவர் என்றால், நடைபாதையில் இடமில்லாமல் வீதியில் இறங்கி நடப்பவர்கள் பத்துப் பேர். பிள்ளையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே நடப்பவர்களும் வாடிக்கையாளர்கள்தாமே? கடலை நோக்கி இறங்கும் தெருக்களில் கட்டணம் வைத்து வாகனங்களை நிறுத்தலாம். சரக்கை இரவில் இறக்கலாம். நடைபாதையை நடப்பவர்களுக்கே விட்டுவிடலாம்.

ஒருவழிப் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பகுதியில் காலி வீதி ஒரு திசைக்கும் டூப்ளிகேஷன் வீதி மறு திசைக்கும் என்று பிரித்ததில் வாகனங்கள் வேகமாகின. பஸ்ஸில் போகிறவருக்கோ போக ஒரு வீதி, வர வேறு வீதி. வேகம் கூடிய வீதியைப் பாடசாலைப் பிள்ளைகள் கடக்க வேண்டியிருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பலனைப் பேச வேண்டும்.

இலகு ரயிலை நினைத்தால் இன்னமும் நெஞ்சு வலிக்கிறது. மாலபேயிலிருந்து கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர், ஜப்பானின் நீண்ட காலக் கடனுதவி. மாலபே, பத்தரமுல்ல, இராஜகிரியப் பக்கத்தாருக்கு ரயில் பாதையே இல்லை, அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பஸ் ஒழுங்கையைக் கண்டிப்பாக்கிய அதே 2020 செப்டெம்பரில்தான், செலவு அதிகம் என்று சொல்லி இந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். இராஜகிரியவில் 2018இல் திறந்த மேம்பாலம் நெரிசலை அடுத்த சந்திக்கு அனுப்பிவைத்ததைப் பார்த்த பிறகும் அந்த முடிவு. 1899இலிருந்து 1960 வரை கோட்டையிலிருந்து பொரளைக்கு டிராம் ஓடிய நகரம் இது. அப்பா சிறுவயதில் அதில் போயிருக்கிறார். மணிச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்.

புதிதாக எதையும் கட்டாமல் செய்யக்கூடிய ஒன்று கரையோர ரயில். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம், கோட்டை. கொள்ளுப்பிட்டி வரை தண்டவாளம் கடலை ஒட்டியே போவதால் அதுவரை பிரதான வீதி எதையும் மறிப்பதில்லை. அவிசாவளைப் பக்கம் போகும் களனிவெளி ரயில் பாதை அப்படியல்ல. ஒற்றைத் தண்டவாளம், ஒவ்வொரு ரயிலுக்கும் வீதிகளின் குறுக்கே கடவையை மூட வேண்டும். ஆகவே கூடுதல் ரயில் விடுவதைக் கரையோரத்தில் தொடங்குவதே எளிது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே டிக்கெட் இருந்தால், மொரட்டுவப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களில் எத்தனையோ பேர் இடையில் ரயிலுக்கு மாறுவார்கள்.

வீதி பற்றிய விவாதங்களில் யாரும் வாய் திறக்காத ஒன்றும் இருக்கிறது. என் தங்கை கார் வாங்கியது பகட்டுக்காக அல்ல. நெரிசலான பஸ்ஸில் ஒருவன் அவளிடம் நடந்துகொண்ட விதம்தான் காரணம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வொன்றின்படி, இந்நாட்டுப் பெண்களில் 90 வீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது எத்தனை வீடுகளில் "மகளுக்காக" என்று சொல்லி ஸ்கூட்டருக்கும் காருக்கும் காசு சேர்த்திருப்பார்கள்? இடம் கொள்ளாமல் நிரப்பும் வரை பஸ் நிற்பதும், அந்த நெருக்கத்துக்குள் கைகள் நீள்வதும், பெண்கள் பஸ்ஸை விட்டு விலகுவதும், வீதியில் ஒரு கார் கூடுவதும் ஒரே சங்கிலி. ஆகவேதான் கூலி முறையை முதலில் சொன்னேன்.

என் மகள் வருகிற ஜனவரியில் பம்பலப்பிட்டிப் பாடசாலை ஒன்றுக்கு மாறுகிறாள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் கூட இல்லை. பாடசாலை வான்காரர், இடம் பிடித்து வைக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். பஸ்ஸிலேயே போகிறேன் என்கிறாள் அவள். வான்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.