சுவான்சோவில் கடைசி நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் சீனப் பயணக் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். பெய்ஜிங், சியான் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, கடைசி நாட்களைத் தென்கிழக்குத் துறைமுக நகரமான சுவான்சோவில் கழித்ததை ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள். ஷாங்காயை விட்டுவிட்டு அங்கே ஏன் போனீர்கள்? அங்கே தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, சோழர்கள் சீனாவரை ஆண்டதற்கு அதுவே சான்று என்று வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கிறது. அங்கே நின்றபோது பெருமையாக இருந்ததா? நானும் போக ஆசைப்படுகிறேன்.

ஆர்.கே., கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.கே.,

முதலில் சோழர் விஷயம். அந்தக் கல்வெட்டின் ஆண்டு 1281. அதற்குள் சோழ அரசு முடிந்து தமிழகத்தில் பாண்டியர் கை ஓங்கிவிட்டது. சீனாவை ஆண்டவர் மங்கோலியரான குப்லாய் கான். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் அனுமதியோடு, கானின் உடல்நலம் வேண்டி, திருக்கதலீச்சரமுடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளச் செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. தமிழுக்குக் கீழே ஒரு வரி சீன எழுத்து. ஊரைப் பிடித்தவர்கள் இப்படி எழுதமாட்டார்கள். வணிகம் செய்து பிழைக்க வந்த இடத்தில், அந்த ஊர் ராஜா நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவர்களின் கல் இது. எந்தப் படையெடுப்பைவிடவும் எனக்கு இதுதான் நெருக்கமாக இருக்கிறது.

சுவான்சோவின் கையுவான் கோயில் 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். கூட்டமெல்லாம் 13-ஆம் நூற்றாண்டின் இரண்டு கல் கோபுரங்களைப் படம் எடுப்பதில் இருக்கிறது. பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கல்தூண்கள். வட்டங்களுக்குள் சின்னச் சின்னச் சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். இன்னொன்றில் கண்ணன் மருத மரங்களுக்கு நடுவே நிற்கிறான். கதை நம்முடையது, செதுக்கிய கை சீனக் கை. கல்லைப் பார்த்தாலே தெரிகிறது. நான் நின்ற நேரம் முழுக்க ஜெபமாலையோடு ஒரு மூதாட்டி மண்டபத்தை வலம் வந்துகொண்டிருந்தார். அந்தத் தூண்களும் அவருடைய கோயிலில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

யுவான் எனப்பட்ட மங்கோலிய ஆட்சியின் கடைசியில் நடந்த கலவரங்களோடு அயல்நாட்டு வணிகர்களின் காலம் அங்கே முடிந்தது. தமிழ் வணிகர்களின் சிவன் கோயிலும் இடிந்து கற்கள் சிதறின. அடுத்து வந்த மிங் அரசர்கள் காலத்தில் கையுவானுக்குத் திருப்பணி செய்தவர்கள் அதன் தூண்களை எடுத்து அங்கே நிறுத்தினார்கள். வேறு பல கற்கள் ஊர் மதில் சுவருக்குள் போயின. 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளியே வந்தன. அப்போது வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், கைக்காசைப் போட்டு அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். இஸ்லாமியக் கல்லறை, கிறிஸ்தவச் சிலுவை, சைவச் சிற்பம் என்று பாகுபாடில்லாமல் பதிவு செய்து 1957-இல் நூலாக வெளியிட்டார். அவருக்குத் தமிழோடு ஒரு ஒட்டும் உறவும் கிடையாது.

பக்கத்தில் ஜின்ஜியாங்கில் சேதியான் என்று ஒரு கிராமம். அங்கே சின்னக் கோயில் ஒன்றில் நான்கு கைகளோடு ஒரு கல் தேவி. நம் ஊர் அம்மன்தான். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், கருணைத் தெய்வம். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். எனக்கும் ஒரு பத்தியை நீட்டினார்கள், ஏற்றினேன்.

பெருமை இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் அதைவிட நன்றிதான் பெரிதாக இருந்தது, அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் ஒரு பத்தியோடு நிறுத்தினேன். நம் ஊர்களில் கல்வெட்டுக் கல் வாசற்படியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்து எழுத்தையே அழித்த கோயில்கள் உண்டு. இதெல்லாம் மனதில் வர, அந்தத் தூண்களுக்கு முன்னால் மார்தட்ட எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே கழுகுமலை இருக்கிறது. சமணச் சிற்பங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இருக்கின்றன. சீனாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வாருங்கள்.

அப்புறம், பயண விவரம். சியாமென் வரை விமானத்தில் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரம்தான். டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப்பெயரைச் சரிபாருங்கள், குவாங்சோ வேறு. கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். லிங்கத்துக்குப் பூச்சாத்தும் யானையின் சிற்பம் அங்கேதான் இருக்கிறது.